நாரையின் காலுக்கு விட்ட இடம்

– மெதுவா பேசுக்கா. பறவை பாக்கிற இந்தக் குடிசைக்குள்ள யாரும் பேசக் கூடாது. வாசல்லயே பலகை வச்சிருக்காங்களே, பாக்கலையா?

– பாத்தேன். ‘அமைதி காக்கவும், பறவைகள் அஞ்சும்’னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. பறவை அஞ்சாம இருக்கப் பலகை வச்ச இந்தச் சரணாலயத்துல, மனுஷன் மூழ்காம இருக்க ஒரு கயிறு வச்சாங்களாடா?

– ஆரம்பிச்சிட்டியா? இது உங்க ஆலை வாசல் இல்லக்கா. கூட்டம் இல்ல, மைக் இல்ல. நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

– ஒருத்தன் போதும். ஆயிரம் பேர் முன்னால பேசி நான் என்னத்தக் கிழிச்சேன்? இன்னைக்கு என் தம்பி ஒருத்தன் காதுல ஏறினாப் போதும். அது சரி, என்ன சட்டை இது? உடம்பு பூரா இலையும் தழையுமா?

– நாம இருக்கிறது பறவைக்குத் தெரியக் கூடாதுன்னு போடறது.

– ஆடு இருக்கிற பக்கம் போயிடாத. மேஞ்சிட்டுப் போயிடும்.

– இதைச் சொல்லத்தான் முழங்கால் சேத்துல நடந்து வந்தியா?

– இல்ல. நாளைக்குக் காலையில விசாரணை. சரணாலய ஆபீஸோட அறிக்கை இப்பத்தான் என் கைக்கு வந்துச்சு. உங்க அத்தான் எப்படிச் செத்தார்னு அதுல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா?

– விடுக்கா. அதையெல்லாம் எதுக்குப் படிச்சுக்கிட்டு...

– படிச்சுத்தான் ஆகணும். ஞாயித்துக்கிழமை களை அள்ளுற வேலையே கிடையாதாம். கூடு கட்டுற திட்டுப் பக்கம் யாரும் போகவே கூடாதாம். லீவு நாள்ல, போகக் கூடாத இடத்துக்குப் போனவன் முட்டை திருடத்தான் போயிருக்கணுமாம். காலமெல்லாம் மார்பளவு தண்ணியில நின்னு ஆகாயத்தாமரை அள்ளினவருக்கு இவங்க குடுத்த பட்டம், முட்டைத் திருடன்! உயிரோட இருந்தப்ப ஒரு மிதவைச் சட்டை குடுக்க வக்கில்லாத ஆபீஸு, செத்ததும் எவ்வளவு தாராளமா பட்டம் குடுத்திருக்கு பாத்தியா!

– ஐயோ, கையைத் தட்டித் தட்டிப் பேசாதக்கா! நாரைக் கூட்டம் எழுந்து பறந்துடும்.

– இந்தச் சத்தத்துக்கேவா?

– கை தட்டற சத்தம்னா அதுங்களுக்கு ஆகவே ஆகாது. அடைகாக்கிறதுகூட முட்டையைக் கால்ல தள்ளிவிட்டுட்டு எழுந்துடும். பாதி முட்டை தண்ணியில விழுந்து உடைஞ்சிடும்.

– அதையும் எழுதியிருக்காங்க. உடம்புக்குப் பக்கத்துல உடைஞ்ச முட்டை மிதந்துச்சாம். திருடின முட்டையாம். என் மக பள்ளிக்கூடத்துக்குப் போகவே மாட்டேங்குறா. ‘உங்கப்பா நாரை முட்டையை வறுத்துத் தின்னாரா, அவிச்சுத் தின்னாரா’ன்னு கூடப் படிக்கிறதுங்க கேக்குதாம்.

– சின்னப் பசங்க. மறந்துடுவாங்க.

– பசங்க மறப்பாங்க. ஃபைல் மறக்குமா? இன்னொண்ணும் கேளு. கண்ணால பாத்த சாட்சி ஒருத்தன் இருக்கானாம். ‘பெயர் வெளியிட விரும்பாத பார்வையாளர்.’ அவர் குனிஞ்சு கூட்டுக்குள்ள கை விட்டதை அவன் பாத்தானாம்.

– அந்த ஆளு... பயந்துபோய் எதையாவது சொல்லியிருப்பான்.

– பயந்தவன் தன் வாயை மூடிக்குவான். இவன் செத்தவர் வாயையில்ல மூடியிருக்கான்!

– சரிக்கா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். லீவு நாள்ல பறவை படம் எடுக்கிறவன். அவ்வளவுதான்.

– இந்தா. இந்தப் பேப்பரைப் பிரி.

– ஓ. இதா.

– போட்டோ போட்டியில முதல் பரிசு. பாதிப் பக்கத்துக்கு உன் படம். பேரு வேற வச்சிருக்க, ‘விடுதலை’ன்னு. நான் தொண்டை கிழியக் கத்தற வார்த்தை, நீ சத்தமில்லாம எடுத்துக்கிட்ட. நூத்துக்கணக்குல நாரை ஒண்ணா எழுந்து, றெக்கையெல்லாம் வெயில்ல பத்தி எரியற மாதிரி... அழகுதான், இல்லைன்னு சொல்லல. கீழே தேதி போட்டிருக்கு. அவர் செத்த தேதி.

– அன்னைக்கு நான் இங்க வந்தது உனக்குத் தெரியுமே. சீக்கிரமே கெளம்பிட்டேன்னு சொன்னேனே.

– சொன்ன. நம்பினேன். இப்ப இந்தக் கீழ் ஓரத்தைப் பாரு. நாணலுக்கு நடுவுல, அரிசி அளவுல, ஆரஞ்சா என்னது?

– அது... நாரை மூக்கு.

– நாரைக்கு ஆரஞ்சுல மூக்கு இருக்கலாம். ஆரஞ்சுல முழுக்கைச் சட்டை இருக்குமா?

– அச்சுல மை வழிஞ்சிருக்கும்கா.

– அந்த வேலைச் சட்டையைத் தினம் துவைச்சவ நான். மணிக்கட்டுல கிழிஞ்சப்ப வெள்ளைத் துணியில ஒட்டுப் போட்டவ நான். பையைத் திற. அதை கேமராவுல பெருசாக்கிக் காட்டு.

– அதெல்லாம் அழிச்சிட்டேன்.

– போட்டிக்காரங்க மூலப்படம் கேப்பாங்க, அந்தக் கார்டைத் தொடாதேன்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்க. அவ எங்கிட்டச் சொன்னா. பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்ல வராது உனக்கு. சின்னதுல இருந்தே அப்படித்தான். காட்டுடா.

– வேணாம்கா.

– காட்டு. இல்ல, ரெண்டு கையையும் தட்டிடுவேன்.

– இரு, இரு! இந்தா. பெருசாக்கிட்டேன். பாரு.

– வெள்ளை ஒட்டு. என் தையல்தான். கை மட்டும் மேல நிக்குது. முகம் எங்கடா? தண்ணிக்குள்ள போயிடுச்சா?

– போதும்கா, பாக்காத.

– இதுல முழங்கை வரைக்கும் தெரியுது. பேப்பர்ல விரல்கடை அளவுகூட இல்லையே. வெட்டினியா?

– வெட்டினேன்.

– வெட்டினவன் முழுசா வெட்டித் தொலைச்சிருக்கலாமே. எதுக்கு இந்த அரிசியை விட்டு வச்ச?

– அதுக்கு மேல வெட்டினா, முன்னால பறக்கிற நாரையோட கால் போயிடும். கால் வெட்டுப்பட்ட படத்தை நடுவருங்க முதல் சுத்துலயே ஒதுக்கிடுவாங்க.

– ஓ. நாரைக்குக் கால் வேணும்.

– அக்கா...

– இல்லடா, யோசிச்சுப் பாக்குறேன். இந்த உலகத்துல இல்லாதவனுக்கு எவ்வளவு இடம்னு எத்தனையோ மேடையில கேட்டிருக்கேன். கைதட்டினாங்களே தவிர யாரும் பதில் சொல்லல. நீதான் சொல்லியிருக்க. நாரையின் காலுக்கு இடம் விட்டா, அந்த இடத்துல அவன் கை ஓரமா ஒட்டிக்கிட்டு வரலாம். அவ்வளவு இடம்!

– எடுக்கிறப்ப எனக்குத் தெரியலக்கா. சத்தியமா. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர்ல போட்டப்பத்தான் பாத்தேன்.

– இதுக்கு முந்தின படமெல்லாம் எங்க? இந்தச் சக்கரத்தைத் திருப்பினா பின்னால போகுமா?

– திருப்பாதக்கா. குடு இங்க.

– கையை எடு! ... இதோ நிக்கிறாரு. இடுப்பளவு தண்ணி. கையில களை இழுக்கிற கொக்கி இல்ல. பை இல்ல, கூடை இல்ல. டேய், முட்டை திருட வந்தவன் எதுல அள்ளிட்டுப் போவான், வாயிலயா? இது போதும்டா தம்பி! இந்த ஒரு படம் போதும், அவங்க அறிக்கையைக் கிழிச்சு அவங்க மேசையிலயே போடறதுக்கு!

– அத்தோட நிறுத்திக்கக்கா. அந்த ஒண்ணை மட்டும் தர்றேன். எடுத்துட்டுப் போ.

– இரு. இன்னும் பின்னால போறேன். ரெண்டு கையும் சேந்திருக்கு. இதுல விரிஞ்சிருக்கு. இதுல மறுபடி சேந்திருக்கு. என்ன பண்றாரு, கும்பிடறாரா?

– அக்கா, வெளிச்சம் போயிட்டிருக்கு. நான் கெளம்பணும்.

– கும்பிடல. கை தட்டுறாரு. கை தட்டினா கூட்டம் எழுந்துடும்னு இப்பத்தானே நீ சொன்ன?

– ம்.

– முட்டை உருண்டு உடைஞ்சிடும்னும் நீதான் சொன்ன. இதோ, இதுல இந்தக் குடிசையை நேராப் பாக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே கட்டை விரலைத் தூக்கி, ‘ஆரம்பிக்கட்டுமா’ன்னு கேக்கிற மாதிரி. யாரைக் கேக்குறாரு?

– அந்த மாதிரி வெளிச்சம் அபூர்வம்கா. மேகத்துக்குக் கீழ இருந்து பளிச்சுன்னு வந்துச்சு. பறவை பாட்டுக்கு உக்காந்தே இருந்துச்சு, எழவே இல்ல...

– யாரைக் கேக்குறாருடா?

– என்னைத்தான்.

– ‘சின்ன வேலை, மச்சான் கூப்பிட்டான், வந்துடறேன்’னு சொல்லிட்டுப் போனாரு. உன் வீட்டுக் குழாய் கிழாய் ரிப்பேராக்கும்னு நெனச்சேன். காப்பி ஆறிடும், குடிச்சிட்டுப் போங்கன்னேன். வந்து குடிக்கிறேன்னாரு.

– திட்டுக்குப் பின்னால புதைசேறு இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா.

– அவருக்குத் தெரியும். இந்தத் தண்ணியில அவர் கால் படாத இடம் ஏது? தெரிஞ்சும் போனாரு. கேட்டது நீ. ... இப்ப முன்னால திருப்புறேன். கை. அடுத்தது வானம். அடுத்ததும் வானம். வானம், றெக்கை, வானம். இத்தனை படத்துல ஒண்ணுலகூட நீ கீழ பாக்கலையா?

– கூட்டம் எழுந்துட்டா லென்ஸை எறக்க மாட்டோம்கா. எறக்கினா அத்தனையும் போச்சு. மொத்தக் கூட்டமும் கத்துது, காது அடைக்குது. எல்லாம் தூரப் போனப்புறம்தான் எறக்கினேன். யாரும் இல்ல. அக்கரைப் பக்கமா ஏறிப் போயிட்டார்னு நெனச்சேன். சாயந்தரம் நீ போன் பண்ணி அழுதப்பத்தான்...

– அழுதேன். நீ ஓடி வந்த. என் தலையைத் தடவிக் குடுத்த. பாடையில முன் பக்கம் நீதான் தோள் குடுத்த.

– அடிக்கா. நாலு அடி அடிச்சிடு.

– அடிச்சா உனக்கு லேசாயிடும். அதனால அடிக்க மாட்டேன். மூக்கைத் துடை. பறவைக்குக் கேக்கப் போகுது.

– அக்கா, ப்ளீஸ்...

– கேளு. அம்மா போனதுக்கப்புறம் உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். ஆலைக்குப் போய் உன்னைப் படிக்க வச்சவ நான். மிச்சத்துக்கு அவர் தண்ணியில எறங்கினாரு. நீ அவரை அனுப்பினதையும், திரும்பிப் பாக்காததையும் நான் மென்னு முழுங்கிக்கிறேன். சாகற வரைக்கும் செரிக்காது. இருந்தாலும் முழுங்கிக்கிறேன். நீ ஒண்ணே ஒண்ணு செய்யணும். நாளைக்கு இந்தக் கேமராவோட வா. ‘நான்தான் கூப்பிட்டேன், கை தட்டத்தான் வந்தாரு, முட்டை உடைஞ்சது என்னால’ன்னு சொல்லு.

– பரிசைப் பிடுங்கிடுவாங்க. சரணாலயத்துக்குள்ளயே விட மாட்டாங்க. கூட்டைக் கலைச்சதுக்குக் கேஸ் போடுவாங்கக்கா, ஆபீஸ்ல வேலையே போனாலும் போகும்.

– போகட்டும். உனக்குப் போறதெல்லாம் திரும்பி வரும். அவருக்குப் போனது வராது. பேர் ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அதையாவது சேத்துல இருந்து வெளிய எடுத்துக் குடுடா. என் மக தலை நிமிந்து பள்ளிக்கூடம் போகட்டும்.

– சரிக்கா. வர்றேன்.

– தலையை ஆட்டாத. வாயால சொல்லு.

– வர்றேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்.

– இப்பத்தான் நீ என் தம்பி. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்தச் சாட்சி, அவர் கூட்டுக்குள்ள கை விட்டதைப் பாத்தேன்னு எழுதிக் குடுத்த புண்ணியவான், அவன் முகத்துக்கு நேரா நின்னு ‘நீ சொன்னது பொய்’னு நீ சொல்லணும். அந்தத் திட்டைப் பாக்கணும்னா இந்த ஜன்னலை விட்டா வேற வழி கிடையாதுன்னு காவல்காரர்கூடச் சொன்னாரு. அப்ப அன்னைக்கு அவன் இங்கதான், இந்தப் பலகையில உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கணும். யாருன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்.

– அன்னைக்கு இந்தக் குடிசையில என்னைத் தவிர யாருமே இல்லக்கா.