காலி வேன்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். பழைய கோடவுனிலிருந்து பெயிண்ட் கம்பெனிக்கு வருகிற ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். விளக்குக் கம்பங்கள் உண்டு... விளக்குகள் கிடையாது. அதில் ஒரு வேன், தனியாக, காலியாக வந்துகொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். கரண்ட் வருகிற வரைக்கும் ஏதாவது சொல்லு என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? இது நான் கட்டிய கதை இல்லை. என்னோடு லேத்தில் நிற்கிறானே சோடாபுட்டி, அவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்த வேனை ஓட்டியவர் அவர்தான். வேன்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

தினமும் அவர் ஏற்றி இறக்கியது கலவைப் பிரிவு ஆட்களை. முன் சீட்டு எப்போதும் கலர் அண்ணனுக்கு. பெயிண்ட் கலந்து கலந்து, நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியே இருக்கும். அவர் ஏறினால் வேனில் தின்னர் வாடையும் கூடவே ஏறும். "நான் செத்தா மண்ணெண்ணெய் ஊத்த வேண்டாம்டா, தீக்குச்சி ஒண்ணு போதும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேன்காரருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு சாயங்கால டீ போனது. அடுத்து யார் தலை உருளுமோ என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல இருந்து யாரையாவது வெளிய அனுப்புவாங்களா?" என்றார். கை தட்டினார்கள்.

நம்மிடமும் போன வாரம் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்... சரி, கேளுங்கள்.

அன்று மாலையே மேனேஜர் வேன்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல கலவை ஆளுங்கள பழைய கோடவுனுக்குக் கூட்டிட்டுப் போ. புது மெஷின் வருது, பயிற்சின்னு சொல்லு. இறக்கி விட்டுட்டு காலி வேனோட உடனே திரும்பி வந்துடணும்."

"அவங்க எப்படி சார் திரும்பி வருவாங்க?"

மேனேஜர் மேஜையைப் பார்த்தார். "உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

வேன்காரருக்குப் புரிந்துவிட்டது. புரியாதவர் மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். மனைவிக்கு ஏழாம் மாதம். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கலர் அண்ணன் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். முகம் மழித்திருந்தார். சட்டைப் பையில் மகளுடைய பேனா.

"இந்த வயசுல எனக்கு பயிற்சியாம்டா. மண்டைல ஏறுமா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுண்ணே. ஏதோ புது மெஷினாம்."

"நல்லதுதான். மெஷின் வாங்குறான்னா கம்பெனி நிக்கும்னு அர்த்தம்."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே... கோடவுனில் மெஷின் இல்லை. அவர்கள் லாக்கரில் வைத்திருந்த சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. டிபன் பாக்ஸ், மாற்றுச் செருப்பு, துண்டு. டை கட்டிய யாரோ ஒருவன், "நாளைல இருந்து நீங்க வர வேண்டாம்" என்றான். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. வேன்காரர் கண்ணாடியில் பார்த்தார். கலர் அண்ணன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். கையை ஆட்டினார். பையன் மறந்துபோய் விட்டுவிட்டுப் போகிறான் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

உச்சி வெயில். பஸ் வராத சாலை. நடந்தார்கள். பாதி வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவரில் கலர் அண்ணன் உட்கார்ந்தார். "நீங்க நடங்க. அவன் வந்துடுவான்" என்றாராம். அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

சாவு வீட்டுக்கு வேன்காரர் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவார்?

அதன் பிறகு வேனில் ஏற்ற ஆள் இல்லை. காலி டிரம்களை ஏற்றிக் கோடவுனில் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் வேலை. அந்த இரவும் அப்படித்தான் வந்தார். பாலம் நெருங்கியதும் வழக்கம்போல வேகம் எடுத்தார்.

என்ஜின் நின்றது.

இருமவில்லை, உதறவில்லை. சட்டென்று... நின்றது. பூச்சிச் சத்தம்கூட இல்லை. பிறகு பக்கத்துக் கதவு தானாக நகர்ந்தது. கர்ர்ர்... வேன் ஒரு பக்கமாக லேசாகத் தாழ்ந்தது. ஆள் ஏறினால் தாழுமே, அப்படி.

தின்னர் வாடை.

வேன்காரர் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டா."

அதில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை என்பார். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். என்ஜின் உறுமியது. முகத்தில் காற்று அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது எதிரே கம்பெனி கேட்.

இறங்கினார். வாட்ச்மேன் குறுக்கே வந்து நின்றான். புது ஆள், ஏஜென்சி அனுப்பியவன்.

"உங்கள இனிமே உள்ள விட வேண்டாம்னு சாயங்காலமே சார் சொல்லிட்டாருங்க. வேற டிரைவர் போட்டாச்சாம்."

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் இவரையே கடித்தாயிற்று.

வேன்காரர் அண்ணாந்து பார்த்தார். மாடியில் மேனேஜர் அறையில் விளக்கு எரிந்தது. போன் போட்டார். திறந்திருந்த ஜன்னல் வழியாக மணி அடிப்பது கீழேயே கேட்டது. இரண்டு முறை அடித்தது. கட்.

"வேன் சாவியையாவது நான் என் கையால அவர்கிட்ட குடுத்துட்டுப் போறேன்யா."

வாட்ச்மேன் விழித்தான். "சாவியா? அதைத்தான் டிரைவர் என்கிட்ட குடுத்துட்டாரே."

"டிரைவர் நான்தான்யா!"

"நீங்க பின் சீட்டுல கண்ண மூடி உக்காந்திருந்தீங்களே! ஓட்டிட்டு வந்தது ஒரு பெரியவர். சரி, புது டிரைவர் இவர்தான் போலன்னு நினைச்சேன்."

வேன்காரர் வேனைத் திரும்பிப் பார்த்தார். "எங்க... அவரு?"

"சார் இருக்காரான்னு கேட்டாரு. மாடியக் காட்டினேன்."

வேன்காரர் மறுபடியும் போனை எடுத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேனேஜர் பெயர் திரையில் வெளிச்சமாக நின்றது. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனார்...

போனைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

திரும்பிப் பார்க்கவில்லையாம். ஆனால் காதில் விழுந்தது. மாடியில் யாரோ, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஜன்னலாக உள்ளேயிருந்து சாத்திக்கொண்டிருந்தார்கள்.

டக்...

டக்...