கிணற்றுக்குள் ஒரு பொந்து

மதியம் இரண்டரை மணி. ஆளில்லாத சாலை... பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், ஓடுவதற்கு வசதி.

இது என் நண்பனின் அண்ணிக்கு நடந்தது. ரோமாபுரியின் உள்நாட்டுப் போரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் எழுதிய சரித்திரப் புத்தகம் எதையும் தொடமாட்டார். அந்தக் காலத்து ஆட்கள் எழுதி வைத்ததை, அவர்கள் மொழியிலேயே படிப்பார். வீட்டில் அவருக்கு 'லத்தீன் அண்ணி' என்றே பெயர்.

அந்தப் போரில் ஜெயித்தவர்கள் ஊர் நடுவே ஒரு பலகை வைத்தார்களாம். அதில் பெயர் வந்துவிட்டால் அந்த ஆளை யாரும் கொல்லலாம். அப்படிப் பெயர் வந்த ஒருவர், தன் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டார். மூன்று வருடம் கழித்து இருவரும் உயிரோடு திரும்பினார்கள் என்று ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் ஒற்றை வரி. எங்கே ஒளிந்திருந்தார்கள்? அண்ணி நான்கு வருடமாகத் தேடினார். அந்த அப்பாவையும் மகளையும் சொந்தக்காரர்கள் மாதிரிதான் பேசுவார். அவர் கணவர் கேலி செய்வார்: "அவங்களுக்கும் ரெண்டு தட்டு எடுத்து வைக்கட்டுமா?"

ஒரு நாள் நூலகத்தில், அந்தப் போரில் தோற்றுப்போன தரப்பு ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில் விடை கிடைத்தது. தலைகால் புரியாத சந்தோஷம். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நீளமான தார்ச்சாலை... ஈ காக்கை இல்லை.

பின்னால் சத்தம். கிட்... கிட்... கிட்... ஆணி அடித்த செருப்பு தாரில் படுகிற சத்தம். நாலைந்து பேர் இருக்கும். கூடவே வியர்வையும் ஈரத் தோலும் கலந்த வாடை. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. நடந்தார். கிட்... கிட்...

ஏய், தலையணையை இழுக்காதே, கேள்.

பேச்சுத் துணைக்காகப் போனை எடுத்துத் தன் பேராசிரியரை அழைத்தார். அவருக்கோ ஆராய்ச்சியிலேயே கண்.

"எங்கம்மா ஒளிஞ்சிருந்தாங்க? சொல்லு, சொல்லு!"

"தோட்டத்துக் கெணத்துல சார்... தண்ணிக்கு மேல, பக்கவாட்டுல ஒரு பொந்து. செடி மறைச்சிருக்கும்."

சத்தம் நின்றது.

பிறகு காதருகே ஒரு குரல். பத்து வருடம் அவர் கண்ணால் மட்டுமே படித்த லத்தீன் மொழி. ஒருவர் வாயால் பேசிக் கேட்டது அன்றுதான்.

"கெணத்துல. வாங்கடா."

ஆணிச் செருப்புகள் திரும்பி ஓடின. அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பலகையில் பெயர் வந்தவரைக் கொல்லத் தேடி அலைந்த அந்தக் காலத்துச் சிப்பாய்கள்.

"ஐயோ வேண்டாம்... அங்க கொழந்த இருக்கு!" என்று நட்டநடு ரோட்டில் கத்தினாராம்.

நூலகத்துக்கு ஓடி, அந்த ஒற்றை வரி இருந்த கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். திரும்பி வந்தார்கள் என்ற வரியே இல்லை. கிணற்றிலேயே இருவரையும் கொன்றார்கள் என்றிருந்தது. அதே பழுப்பு மை, அதே பூச்சி அரித்த ஓரம். "எப்பவும் அப்படித்தானே இருக்கு" என்றார் நூலகர்.

அண்ணி அதோடு படிப்பை விட்டுவிட்டார். அந்தக் குழந்தையை நினைத்து இன்றும் அழுகிறார்.

பிரதியில் 'கொன்றார்கள்' என்பதற்கு அடுத்த வரியை அவர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். நண்பன் எனக்குக் காட்டினான். இடத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அதில் இருக்கிறது: 'வழியில் போன ஒரு பெண். பக்கத்தில் யாருமில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, உரக்கப் பேசியபடி நடந்து போனாள்.'