ஏழாயிரம் வயதுப் பசு

பசுவை ஏவி ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன். பசுவுக்கு ஏழாயிரம் வயது. இதைச் சொன்னதும், சகாராப் பாலைவனத்தில் எங்கள் ஜானெத் ஊர்க் காவல் நிலைய அதிகாரி ஜெலூல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடலோரத்திலிருந்து மாற்றலாகி வந்த வடக்கத்தியான்.

"போன வாரம் உங்க ஒட்டகம் நட்சத்திரத்தைப் பாத்து வழி சொல்லுச்சு. இந்த வாரம் பசு கொலை பண்ணுதா? வீட்டுக்குப் போங்க பெரியவரே."

ஓய்வுபெற்ற வழிகாட்டி நான். புளுகாமல் பொழுது போகாது. ஆனால் உள்ளே கழுதைக்காரன் உக்சேம் அடைபட்டிருந்தான். பாறை ஓவியங்களைப் படம் எடுக்க வந்த வெர்னரைப் பாலைவனத்தில் விட்டு, தண்ணீரோடு ஓடிவந்து சாகவிட்டானாம். கழுதைக்கே வழி காட்டத் தெரியாதவன் அவன். நான் செய்த வேலைக்கு அவன் பேர் வாங்குவதா?

வெர்னர் நல்ல மனிதன்தான். எல்லா வெள்ளைக்காரர்களையும்போல, வாசலில் செருப்பைக் கழற்றுவான், குகைச் சுவரில் தண்ணீர் ஊற்றுவான். நனைந்தால் பாறை ஓவியம் நேற்று வரைந்ததுபோலச் சிவக்கும், படம் எடுக்கலாம். காய்ந்ததும் கொஞ்சம் உதிரும். அடுத்தவன் வந்து ஊற்றுவான், இன்னும் கொஞ்சம் உதிரும். எங்கள் பெண்கள் ஒரு குடத்துக்கு அரை நாள் நடக்கிறார்கள் என்று ஒரு முறை சொன்னேன். சிரித்துக்கொண்டே எங்கள் குடிநீரை சுவரில் வரைந்திருந்த ஒரு வேட்டைக்காரனின் முகத்தில் விசிறினான்.

அன்றைக்குத்தான் பசுவைப் பற்றிச் சொன்னேன். முகத்திரைக்கு மேலே எங்கள் ஆண்களுக்குக் கண் மட்டும்தான் தெரியும். வாய் சிரிப்பதை எந்த விருந்தாளியும் பார்த்ததில்லை. உள் பள்ளத்தாக்கில் ஏழாயிரம் வருஷத்துப் பசு ஓவியம், யானை அளவு, சிவப்பு, வயிற்றில் கன்று. யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் தூசி அப்பியிருக்கிறது, நிறையத் தண்ணீர் வேண்டும் என்றேன்.

உக்சேமைக் கழுதைகளோடு ஊருக்கு அனுப்பினேன். நான் போகச் சொன்னதாக அவன் சொன்னதையும் ஜெலூல் நம்பவில்லை. தண்ணீர்த் தோல்பைகளை வெர்னரே சுமந்தான், ஆசையாக. சுவரைக் காட்டினேன், மாலையில் வருகிறேன் என்றேன், வீட்டுக்கு வந்து தூங்கினேன். அந்தப் பாறைப் பிளவுகளுக்குள் புதியவன் திரும்பும் வழி கண்டுபிடித்ததில்லை. நான் அவனிடமிருந்து ஒரு சொட்டும் எடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

"ஓவியத்தைக் காப்பாத்தப் பண்ணீங்களாக்கும்," என்றான் ஜெலூல், இன்னும் கிண்டலாக. "இத்தனை வருஷம் அவங்களுக்குத் தண்ணி சுமந்தது யாரு?"

"சுமந்தது நான். ஊத்துனது அவங்க."

மேசைமேல் பிணத்தோடு வந்த கேமரா கிடந்தது. அதைத் திறந்து பாரேன் என்றேன்.

பார்த்தான். நனைந்த பாறை. அதற்குப் பக்கத்தில் நனைந்த பாறை. பிறகு, துணி பிழிவதுபோல் முறுக்கிப்போட்ட தோல்பைகள். கடைசிப் படத்தில் தூசிச் சுவர். அதில் ஒரு கோடு மட்டும் சுத்தமாக, நாக்கு அகலத்துக்கு.

ஜெலூல் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தான்.

"பசு எங்க?"

"ஏது பசு?" என்றேன்.

எழுந்துபோய் உக்சேமின் கதவைத் திறந்துவிட்டான். திரும்பி வந்து, உட்காராமல், முதல்முறையாக மரியாதை இல்லாமல் பேசினான்.

"நிஜமாவே நடந்திருக்கு. நீதான் கொன்னிருக்க."