நாகப்பனுக்குப் பின் குழு

எனக்குத் தேநீர் பிடிக்காது. இருபத்தாறு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கிராணியாகக் கணக்கும் ஆள் பட்டியலும் எழுதுகிறேன். காலையிலும் மாலையிலும் மைலோதான் குடிக்கிறேன். இதைச் சொன்னால் தோட்டத்தில் சிரிப்பார்கள். போன வாரம் நீங்கள் ஆபீசுக்கு வந்தபோது கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதனால் உங்களிடம் மனம் விட்டுப் பேசலாம் என்று தோன்றியது, சாம்பசிவம் ஐயா.

தொழிற்சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். தூள் ரூமில் எல்லா ஆட்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்போது, நாகப்பனை மட்டும் ஏன் நான்கு வருடம் அங்கேயே வைத்திருந்தேன் என்பது ஒன்று. அது நாகப்பன் மனைவி பாஞ்சாலை உங்களைக் கேட்கச் சொன்னது. மற்றதை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள். நாகப்பன் செத்து இரண்டு வருடமாகிறதே, அந்தப் பாட்டுக் குழுவை இன்னும் நடத்தத்தான் வேண்டுமா என்று. எழுத்தில் பதில் வேண்டும் என்றீர்கள். இரண்டாவது கேள்விதான் பெரியது. அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் சொன்னதாகிவிடும்.

குழுவைத் தொடங்கியது நான். 1971, மே மாதம். பிள்ளைக் கொட்டகையில் ஆயா பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் நேரத்தில் நாங்கள் சாவியை வாங்கிக்கொள்வோம். தொட்டில் கயிறுகளைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு ஒத்திகை. ஆர்மோனியம் நான். தபேலா, லோரி ஓட்டுகிற காளியண்ணன். பாட்டும் நான்தான். இதை யாரும் இப்போது சொல்வதில்லை. குழுவின் முதல் பாடகன் யார் என்று லயத்து வீடுகளில் கேட்டுப்பாருங்கள், நாகப்பன் என்பார்கள். முதல் மூன்று மாதம் பாடியது பழனியப்பனாகிய நான்.

நாகப்பன் அப்போது கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் எட்டாம் நம்பர் சரிவில் செடி வெட்டியபடி அவன் பாடிக்கொண்டிருந்ததை, கொழுந்து ஏற்றப் போன காளியண்ணன் கேட்டிருக்கிறான். லோரியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றிருக்கிறான். கொழுந்து அரை மணி தாமதமாக வந்ததற்கு நான் அவனைக் கண்டித்தேன். "கிராணி, அந்தப் பாட்டக் கேட்டா நீங்களும் நின்னுருப்பீங்க லா," என்றான். மாலையில் ஆளைக் கையோடு கூட்டிவந்துவிட்டான். நாகப்பன் ஒரு பாட்டுப் பாடினான். நானே மைக்கை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. தேதி மட்டும் நினைவிருக்கிறது. ஆகஸ்டு பதினாறு, திங்கட்கிழமை.

அதன்பின் ஆறு வருடம் நன்றாகப் போனது. ரிங்லெட்டில் கல்யாணம், பிரிஞ்சாங்கில் கோயில் திருவிழா, கீழே தாப்பாவரைக்கும் கூப்பிட்டார்கள். நாகப்பன் நல்லவன். என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் அவன் உட்காருவான். மேடையில் ஒவ்வொரு தடவையும், "இந்தக் குழுவே எங்க கிராணி போட்ட பிச்சைங்க," என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவான். கூட்டம் என்னைப் பார்த்துக் கை தட்டும், பிறகு அவனைக் கேட்கும்.

1977 கடைசியில் கோலாலம்பூர் வானொலியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. குரல் தேர்வுக்கு வரச்சொல்லி. தோட்டத்துத் தபால் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், உங்களுக்குத் தெரியும். சில தோட்டங்களில் கிராணிமார் அடுத்தவன் கடிதத்தை மேசைக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஆளில்லை. அன்றைக்கே அவன் கையில் கொடுத்தேன். படித்தும் காட்டினேன்.

அவன் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தான். "போவவா கிராணி?" என்றான்.

"போகத்தான் வேணும். ஆனா இப்பவே போனா பத்தோட பதினொண்ணா நிப்ப. ஒரு வருசம் பொறு. குரல் இன்னும் பக்குவமாவட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அவனுக்காக வானொலிக்குத் தாமதம் கேட்டுக் கடிதம் எழுதியதும் நான்தான். இலக்கணப் பிழையில்லாத கடிதம்.

இங்கேதான் நீங்கள் என் நிலையையும் யோசிக்க வேண்டும். அவன் கோலாலம்பூர் போனால் திரும்பமாட்டான். அவன் திரும்பாவிட்டால் குழு ஒரே மாதத்தில் கலையும். காளியண்ணன் சீட்டாடப் போவான், மற்றவர்கள் கள்ளுக் கடைக்குப் போவார்கள். ஒரு மனிதன் முன்னுக்கு வருவதற்காக ஒரு தோட்டமே பாட்டில்லாமல் கிடக்க வேண்டுமா? நான் பொதுநலம் பார்த்தேன்.

1978 ஜனவரியில் அவனைக் கவாத்திலிருந்து எடுத்துத் தூள் ரூமில் போட்டேன்.

நீங்கள் மலைக்குக் கீழே இருப்பவர், தூள் ரூமை வாசலிலிருந்துதான் பார்த்தீர்கள். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை. ஜன்னலைத் திறந்தால் ஈரம் ஏறித் தூள் கெட்டுவிடும் என்று எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே மஞ்சளாகப் பூஞ்சுத் தூசு பறக்கும். புருவத்தில், மூக்கில், தொண்டையில் எல்லாம் ஒட்டும். ஆனால் மழை இல்லை, அட்டை இல்லை, குளிர் இல்லை. அவனை அங்கே போட்டது நான் செய்த பெரிய உதவி என்று லயமே பேசியது. பாஞ்சாலை ஒரு சேவலை அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்க புண்ணியத்துல நனையாம இருக்காருங்க," என்றாள். குழம்பு நன்றாக இருந்தது.

ஆட்களுக்கு வாயில் கட்டிக்கொள்ளத் துணி கொடுப்போம். நாகப்பன் வாங்கிக் கட்டினான். இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்துவிட்டு, "பாடறவன் மூச்ச அடைக்கலாமா? நெஞ்சு சுருங்கிப் போவும்," என்றேன். உடனே அவிழ்த்துவிட்டான். பாட்டு விஷயத்தில் அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை. தூசு இறங்குவதற்கு வெல்லம் தின்னச் சொன்னேன். வெல்லம் நெஞ்சைக் கழுவும் என்று தூள் ரூம் ஆட்கள் எல்லாரும் நம்புவார்கள். தினமும் என் வீட்டிலிருந்தே ஒரு கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை முடிந்ததும் நேரே ஒத்திகைக்கு வரச்சொல்லி, உச்சத்தில் போகிற பாட்டுகளாகப் பார்த்துப் பாடவைத்தேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மூன்று மாத வழக்கம் எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான், ஐயா.

1969இல் ராமசாமி என்று ஓர் ஆள் தூள் ரூமில் இருந்தார். அதற்கு முன்னால், காலையில் ஆள் கூடுகிற பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறவர். அவர் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். தூள் ரூமுக்குப் போன ஏழாம் மாதம் தொண்டை கரகரத்தது. பதினாலாம் மாதம் காதருகில் வந்து பேசினால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். துரையிடம் சொல்லி ஆள் மாற்றும் பட்டியலை ஏற்படுத்தினேன். ராமசாமியை வெளிவேலைக்கு அனுப்பினோம். ஒரு வருடத்தில் பாதிக் குரல் திரும்பிவிட்டது. அந்தப் பட்டியலால் எத்தனையோ பேர் நெஞ்சு பிழைத்திருக்கிறது. எனக்கு யாரும் மாலை போடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாகப்பனின் குரல் முழுதாகப் போக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கோலாலம்பூருக்குப் போதாமல், நம் கோயில் திருவிழாவுக்குப் போதுமான அளவில் நின்றால் சரி என்று நினைத்தேன். அந்த அளவில் நிறுத்த முடியவில்லை. அது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வருடம் கழித்துச் சொன்ன வாக்குப்படி குரல் தேர்வுக்கு நானே கூட்டிப்போனேன். காளியண்ணன் லோரியில் தாப்பா வரை வந்து, அங்கிருந்து பஸ். பாட்டின் இரண்டாவது அடியிலேயே அவனுக்கு இருமல் வந்தது. அங்கே இருந்தவர்கள் மரியாதையானவர்கள். தண்ணீர் கொடுத்து, உடம்பு தேறியதும் வரச்சொன்னார்கள். வெளியே வந்து அவனுக்குச் சூடாக மைலோ வாங்கிக் கொடுத்தேன். "ஒங்க பேரக் கெடுத்துட்டேனே கிராணி," என்று அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை நடிப்பில்லை.

1979 நடுவில் அவனால் சத்தமாகப் பேசவே முடியாமல் போனது. பிள்ளைக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். நீங்கள் வாசலில் கேட்ட அதே கேள்விதான். காளியண்ணன் தபேலாவை உறையில் போட்டுக் கட்டியே கொண்டுவந்திருந்தான்.

"அண்ணன் பாடாத குழு நமக்கு எதுக்கு? நிறுத்திடலாம்லா," என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

நாகப்பன் எழுந்தான். எல்லாரும் அவன் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டோம். "நிறுத்தாதீங்க. நான் முன்னால ஒக்காந்து கேக்கறேன். கிராணி பாடட்டும்," என்றான்.

யார் சொன்னது என்பதைக் கவனியுங்கள். நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பாட ஆரம்பித்தேன். முதலில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. அந்த வருடம் மழை அதிகம். பாஞ்சாலை மட்டும் ஒருமுறை ஆபீசுக்கு வந்து, அவனை வெளிவேலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மாற்றியிருக்கலாம்தான். ராமசாமிக்குத் திரும்பியதுபோல இவனுக்கும் குரல் திரும்பியிருக்கும். ஆனால் அதற்குள் குழு ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தது. பாட்டுகளை எல்லாம் என் சுருதிக்கு மாற்றி எழுதி முடித்திருந்தேன். திரும்பவும் குழப்ப வேண்டாம் என்று பட்டியலில் அவன் பெயரை அப்படியே விட்டேன். 1982 மார்ச்சில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனான். கடைசி நிகழ்ச்சி வரைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, நான் பாடுவதைக் கேட்டான். இருமல் எனக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதாம். அப்படிப்பட்ட மனிதன்.

இறுதி ஊர்வலத்துக்குக் குழுதான் முன்னால் நடந்து பாடியது. அவன் போனதோடு குழுவும் போயிருந்தால் அதற்கு யார் பாடியிருப்பார்கள்?

ஆகவே ஒரு குழு அதன் பாடகன் போனபிறகு தொடர வேண்டுமா என்றால், கட்டாயம் தொடர வேண்டும். நாங்கள் தொடர்ந்திருக்கிறோம் என்பதே நான் செய்தது சரி என்பதற்குச் சாட்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடத் திருவிழாவில் நான் மூன்றாவது பாட்டைத் தொடங்கும் நேரத்தில், கூட்டத்தில் யாரோ நாகப்பன் மகள் அம்சவல்லியைப் பாடச் சொன்னார்கள். பத்தொன்பது வயதுப் பெண், கொழுந்து பறிக்கிறாள். கூச்சத்தோடு மேடையேறினாள். அப்பனை உரித்து வைத்த குரல். காளியண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அழுதான். நான்தான் ஆர்மோனியத்தில் கடைசிவரை கூட வந்தேன். அன்றிலிருந்து அவள்தான் பாடுகிறாள். நானே மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். செப்டம்பர் மூன்று, சனிக்கிழமை.

இந்த மாதம் அவளுக்கும் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கே அவள் கையில் கொடுத்துவிட்டேன். "நீங்க என்னா சொல்றீங்க, பெரியப்பா?" என்று கேட்டாள். அவசரப்படாதே, குரல் பக்குவமாகட்டும் என்றேன். சரி என்று சிரித்தாள்.

இனிமேல் தூள் ரூம் ஆள் மாற்றும் பட்டியலில் சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும் என்று நீங்கள் சொன்னது நியாயமான ஏற்பாடு. வரும் திங்கட்கிழமையிலிருந்து நடக்கவேண்டிய பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நாலாவது பெயர் அம்சவல்லி. மழைக்காலம் வருகிறது, பெண்பிள்ளை நனையாமல் வேலை பார்க்கட்டும். பாஞ்சாலை என்ன சொல்வாளோ என்று நீங்கள் தயங்க வேண்டாம். அம்சவல்லியின் அப்பன் விஷயத்தில் நடந்த தப்பு மறுபடி நடக்காது. எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஏழே மாதம்தான் போட்டிருக்கிறேன். அதன்பிறகு உச்சத்துப் பாட்டு ஏதாவது அவளுக்கு எட்டாமல் போனால், நான் பாடிக்கொள்கிறேன்.