ஓட விட்ட அப்பா

“இஞ்சருங்கோ, கண்ணை மூடுங்கோ. அவள் ஓடட்டும்.”

துறைமுகப் பக்கம் நான் பஸ்ஸுக்கு நின்றபோது, வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் புருஷனிடம் இப்படிச் சொன்னார். ஏழு வயது மகள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நெஞ்சில ஒபரேசன் செய்த பிள்ளையெல்லே. ஏதும் நடந்தா?”

“டொக்டரே ஓட விடச் சொல்லிப்போட்டார். நீங்கள்தான் ஒரு வருஷமா இடுப்பில தூக்கிக்கொண்டு திரியிறியள். கலியாணம் முடிச்சாலும் தூக்குவியளோ?”

“ஓம், தூக்குவன். உனக்கென்ன?”

மகள் சிரித்தாள். மணலில், ஊருக்குள் திரிகிற புள்ளிமான்கள் இரண்டு வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்றன. அவள் அப்பாவின் விரலை விட்டுவிட்டு ஓடினாள். ஒரு மான் பாய்ந்தது. அவளும் பின்னால் பறந்தாள். அவர் பதறி எழும்ப, மனைவி சேர்ட்டைப் பிடித்து இருத்தினார்.

என் தங்கச்சிக்கும் இருதய வருத்தம்தான். செத்து நாலு மாதம். அவள் ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

மகள் முகம் வேர்த்துத் திரும்பி வந்தாள். “அப்பா, மான் களைச்சுப்போச்சு!”

அவர் அவளுடைய நெஞ்சில் கைவைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

“அது கிடக்கட்டும். மற்றது அங்கால நிக்குது, போ.”