பேர் கேட்காத சர்வே

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ கோவிலில் புளியோதரை வரிசை. தீர்ந்துவிடுமோ என்பது என் கவலை. முன்னால் இரண்டு ஐ.டி. நண்பர்கள், ஒருவர் போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

“ஏதோ ஒரு நாட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற வெளிநாட்டு ஆர்மி அங்கேயே இருக்கட்டும்னு அந்த நாட்டு ஜனங்கள்ல மெஜாரிட்டி சொல்றாங்களாம்டா. சர்வே.”

“யாரு போய்க் கேட்டா?”

“சர்வே கம்பெனி. கூட பாதுகாப்புக்கு அதே ஆர்மி. ஆனா பேர் கேட்கலையாம்.”

“போன வாரம் நம்ம ஆபீஸ் சர்வேலயும்தான் பேர் கேட்கல. மேனேஜருக்கு எவ்ளோ போட்ட?”

“அஞ்சுக்கு அஞ்சு.”

“அந்தாளுக்கா? தினம் திட்டுவியே!”

“என் கிரீன் கார்டு அவன் கையிலடா.”

வரிசை நகர்ந்தது. போன்காரர் மட்டும் நகரவில்லை.

“அப்போ, வேண்டாம்னு சொன்ன மிச்சப் பேரெல்லாம் இப்ப எங்கடா இருப்பாங்க?”