கோடு வரைக்கும் தண்ணீர்

"கல்லு வாயத் தொறந்து சாப்புடுதுக்கா. என் கண்ணால பாத்தேன்."

மரக்காணத்தில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மழைக்கு உப்பளம் மூடியதும் இளையவள் பொம்மையார்பாளையத்தில் ஒரு பங்களாவுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே சுவர் நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களாம்.

"கல்லு இல்லியாம், பவளமாம். உசுரு இருக்குதாம். எறாத் தூள் போட்டா விரிஞ்சு வாங்கிக்குது."

"கடலு எதுக்கால இருக்குது. ஊட்டுக்குள்ளயும் ஒரு கடலா?"

"பங்களாக்காரம்மா ஊருக்குப் போச்சு. தொட்டியில போட்டிருக்கிற கோட்டுக்குக் கீழ தண்ணி எறங்கினா ஊத்துன்னு சொல்லிட்டுப் போச்சு. உப்புத்தண்ணி கேனும் இருந்துச்சு, நல்லதண்ணி கேனும் இருந்துச்சு. நான் உப்புத்தண்ணிய ஊத்திட்டேன்."

"பாத்தி வத்தினா அதானே பாய்ச்சுவோம்?"

"அதாங்க்கா தப்பு. தண்ணிதான் ஆவியாப் போவுது, உப்பு உள்ளயே நிக்குது. நாலு நாள்ல பவளமெல்லாம் சுருங்கிப்போச்சு. தண்ணிய நாக்குல வச்சேன். கடலத் தாண்டிக் கரிக்குது."

"ஐயோ! அப்புறம்?"

"கொஞ்சம் மொண்டு கொட்டிட்டு, ரெண்டு நாளா நல்லதண்ணிய சொம்பு சொம்பா ஊத்தினேன். நேத்து சாயங்காலம் ஒண்ணு விரிஞ்சுது. அப்புறம் பக்கத்துல இருந்தது. தரையிலயே ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் இறங்கவேண்டிய கீழ்புத்துப்பட்டு பின்னால் போய்விட்டது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"உப்பு வெளையணும்னுதானடி இத்தினி வருசமா சாமி கும்பிட்டோம்" என்றாள் மூத்தவள்.

"உப்பு கொறையணும்னு நான் கும்பிட்டது இதான்க்கா மொத வாட்டி."